அரைப்பேர்க்காரன்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் மழை பெய்ய யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்தால் அது பாட்டுக்கு வரும், தை வரைக்கும் போக மனமில்லாமல் கிடக்கும். துவைத்த துணி நாலு நாளைக்குக் காயாது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் புருஷன் பெண்சாதி சண்டை பிடித்தாலும் கேட்காது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நிமலனுக்கு வாய்த்த தொழில் என்ன தெரியுமா? கம்ப்யூட்டருக்குள்ளே மழை பெய்ய வைப்பது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் அதைச் சொன்ன அன்றைக்குச் சிரிக்காத ஆளில்லை.

வீடியோ கேம் எழுதுகிறவன் அவன். வயது முப்பத்தாறு. எழுதுவது என்றால் கதையோ பாட்டோ இல்லை. மழைத்துளி கல்லில் விழுந்தால் எப்படித் தெறிக்க வேண்டும், இலையில் விழுந்தால் எப்படி வழுக்க வேண்டும், நடந்து போகிறவனின் தோள் எவ்வளவு நேரத்தில் நனைய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் சொல்லிக் கொடுப்பது. தகரக் கூரையில் தண்ணீர் ஓடுவதற்கு மட்டும் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறான். நாலாவது வாரம் மேலே இருந்தவர்கள் கூரையே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் இப்படியே போய்விட்டது. கழுத்து பிடித்துக்கொண்டது, கண்ணுக்குக் கண்ணாடி வந்தது. கல்யாணம் மட்டும் வரவில்லை. "மாப்பிள்ள என்னா செய்யிறாரு?" என்று கேட்டு வந்த மூன்று இடமும், "வீட்ல கேம் வெளயாடுறாராம்" என்று யாரோ சொல்லக் கேட்டுத் திரும்பிப் போனது.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எட்டு கேமுக்கு வேலை பார்த்திருக்கிறான். எல்லாம் வெளிநாட்டுக்காரன் கேம், அவன் இருந்த கொழும்புக் கம்பனி வேலையாக வாங்கிச் செய்துகொடுத்தது. யார் செய்தது என்று வெளியே மூச்சு விடக்கூடாது என்று ஒப்பந்தம். கேமின் முகப்பில் 'உருவாக்கியவர்கள்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் பேர்கள் கீழிருந்து மேலே ஏறிப் போகும். அந்த எட்டிலும் நிமலனின் பேர் ஏறியதில்லை.

ஒன்பதாவதுதான் கொழும்புக் கம்பனியின் சொந்தக் கேம். 'மன்சூன் போஸ்ட்' என்று பேர். மழை நாளில் மலைமலையாக ஏறித் தபால் கொண்டுபோகிற ஒருத்தியின் கதை. அதில் மழையும் மூடுபனியும் முழுக்க நிமலனுடையது. மற்ற கேம்களில் பனி மேலே இருந்து திரை போல விழும். இவன் செய்த பனி பள்ளத்தில் பிறந்து, தேயிலை நிரை நிரையாக மேலே ஏறி, முதலில் காலை மறைத்து, பிறகு ஆளை மறைக்கும். "எங்கிருந்துடா பிடிச்சாய் இத?" என்று கேட்டான் கூட வேலை செய்த றினாஸ். பதுளைப் பையன்தான் அவனும். "எங்க லயத்து வாசல்லருந்து" என்றான் நிமலன்.

பாதி வேலையில் நாட்டுக்கே பணக்கஷ்டம் வந்தது. கம்பனி எல்லாரையும் வீட்டிலிருந்தே, அதுவும் அரை நாள் மட்டும், வேலை செய்யச் சொன்னது. நிமலன் கொழும்பு அறையைக் காலி செய்துகொண்டு லயத்துக்கு வந்தான். அம்மா பாக்கியலெட்சுமி கொழுந்து மலையிலிருந்து வந்து, காலில் கடித்திருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"என்னப்பா, வேல போயிருச்சா?"

"போகலம்மா. இனி அரை நாள்தான்."

"அடப்பாவிகளா. ஒனக்கும் அரைப்பேர் போட்டுட்டானுங்களா?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான். நிமலன் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தான். அந்தச் சூட்டில் ஒரு காரியம் செய்தான். கம்ப்யூட்டருக்கு எழுதுகிற அந்தப் பாஷைக்குக் கோடு என்று பேர், அதை எழுதி ஒப்படைக்கும் ஒவ்வொரு தடவையும் யார் எழுதினது என்று ஒரு பேர் தானாக விழும். அந்தப் பேரை அவரவர் கம்ப்யூட்டரில் அவரவரே போட்டுக்கொள்வது. நிமலன் தன் பேரை அழித்துவிட்டு, இங்கிலீஷ் எழுத்தில் 'அரைப்பேர்' என்று போட்டு வைத்தான். மறுநாள் றினாஸ் பார்த்துவிட்டுப் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். அதோடு இரண்டு பேருமே அதை மறந்துபோனார்கள்.

இரண்டு வருஷம் அரை நாள் என்று சொல்லி முழு நாளும் வேலை வாங்கினார்கள். அப்புறம் கேம் வெளிவர ஐந்து மாதம் இருக்கையில், இடையில் பணம் போட வந்த வெளிநாட்டுக் கம்பனி ஆளைக் குறைக்கச் சொன்னது. குறைக்கப்பட்டவர்களில் நிமலனும் ஒருவன். "பேர் கட்டாயம் வரும் மச்சான், அது எண்ட பொறுப்பு" என்றான் றினாஸ்.

பேர் என்றால் சும்மா பெருமைக்கு இல்லை. கோலாலம்பூரில் ஒரு கேம் கம்பனி, மழை பனி என்று வானிலை செய்கிற வேலைக்கு ஆள் தேடியது. அங்கே இருந்த பெண் நிமலனோடு இரண்டு தடவை பேசினாள், பிடித்துப்போயிற்று. ஆனால் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தேன் என்கிறவன் பேர் எந்தக் கேமிலும் இல்லை என்றால் அவள்தான் என்ன செய்வாள்? 'மன்சூன் போஸ்ட் வெளிவருகிற அன்றைக்கு உங்கள் பேர் இருக்கும் பக்கத்தை அனுப்புங்கள். இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அன்று மாலை, உங்கள் நேரம் ஐந்து மணியோடு முடிவு செய்துவிடுவேன்' என்று எழுதியிருந்தாள்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. அம்மாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக்கும் அன்றைக்குத்தான்.

லயத்தில் சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் படியில் நின்றால் மெயில் வருமே தவிர, கேம் இறங்காது. அதனால் இரண்டு பேருமாக முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனார்கள். பஸ்ஸில் ஜன்னல் பூராவும் புகை மாதிரி ஈரம். அம்மா கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ரொட்டியும் கட்டச்சம்பலும் இன்னொரு பையில் இருந்தன.

"இன்னிக்கு ஒம்பேர டீவியில காட்டுவானா?" என்றாள்.

"டீவியில இல்லம்மா. கேம்ல."

"என்னத்துலயோ. பேர் விழுந்தா செரி. மலேசியாக்காரி ஒத்துக்கிருவாள்ல?"

"பேர் இருந்தா ஒத்துக்கிருவா."

"இல்லாட்டி?"

நிமலன் ஜன்னல் ஈரத்தைக் கையால் துடைத்தான். இல்லாவிட்டால் என்ன என்று அவனுக்கே தெரியும். முப்பத்தாறு வயதில் இந்தத் தொழிலில் புதிதாக ஆரம்பிக்க முடியாது. இருபது வயதுப் பிள்ளைகள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து வேலை செய்யத் தயாராக நிற்கிறார்கள். அவனுக்கு அலுத்துவிட்டது. இது கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு பண்டாரவளையில் ஏதாவது கடையில் நிற்பது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் நம்பர் வர பதினொரு மணி ஆயிற்று. டாக்டர் பெண் கொப்பியில் கிறுக்கிவிட்டு, "உப்பைக் குறைங்க, யோசனையைக் குறைங்க" என்றாள். "உப்பக் கொறைக்கலாம்" என்றாள் அம்மா.

அங்கிருந்து பஜாருக்கு நடந்தார்கள். ஜௌபர் முதலாளியின் போன் கடை அங்கேதான். றினாஸின் வாப்பா. பதினாலு வருஷத்துக்கு முன்னால் நிமலன் உடைந்த போன்களைத் திருத்தியது அந்தக் கடையில்தான். இப்போது கடை பெரிதாகிவிட்டது, நல்ல வேகமான இன்டர்நெட் இருந்தது.

"வாங்க தங்கச்சி, வாங்க. மகன், ராவைக்கே றினாஸ் செல்லிட்டான். கேம் இறங்கிக்கொண்டு ஈக்கு பாருங்க" என்று ஜௌபர் கம்ப்யூட்டரைக் காட்டினார். தேத்தண்ணியும் மீன் வைத்த மாலுபணிஸும் வரவழைத்தார். அம்மா பணிஸைப் பிய்த்துக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்தாள்.

கேம் திறந்தது. முதலில் மலை வந்தது. மழை தூறியது. பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது.

"அட, நம்ம பத்தாம் நம்பர் மலைடா!" என்றாள் அம்மா. "அந்த மொடக்கு, அந்த பாற, அச்சா அப்பிடியே இருக்கே. கொழுந்து எடுக்க ஆளதான் காணோம்."

"மாஷா அல்லா, குளிருதே!" என்று ஜௌபர் உண்மையாகவே தோளைக் குறுக்கிக்கொண்டார்.

நிமலன் நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டான். நாலு வருஷம். நன்றாகத்தான் செய்திருக்கிறான், சும்மா சொல்லக்கூடாது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. ஆனாலும் 'உருவாக்கியவர்கள்' என்ற பொத்தானை அமுக்கினான்.

பேர்கள் ஏறத் தொடங்கின. முதலாளிமார், படம் வரைந்தவர்கள், இசை, அப்புறம் கோடு எழுதியவர்கள். றினாஸ் ஜௌபர் என்று வந்ததும் தகப்பன் கை தட்டினார். நிமலன் தன் பேரைத் தேடினான். இல்லை. திரும்ப முதலிலிருந்து ஓட்டினான். தேநீர் கொண்டுவந்து கொடுத்தவர் பேர்கூட இருந்தது. நிமலன் இல்லை. 'வானிலை' என்று தனியாக ஒரு தலைப்பு வந்தது, அதன் கீழே ஒரே ஒரு பேர். ஏதோ வெள்ளைக்காரன் பேர்.

"எம் மழைய எவனுக்கோ குடுத்துட்டானுங்க" என்றான். குரல் அவனுடையது போலவே இல்லை. "நாலு வருஷம் மொதலாளி. நாலு வருஷம் நான் எழுதுனது. எவனோ ஒரு வெள்ளக்காரன் பேரப் போட்டு வச்சிருக்கானுங்க."

"பொறுங்க மகன், ஒழுங்காப் பாப்பமே." ஜௌபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டி ஒவ்வொரு பேராக உரக்க வாசித்தார். நிமலன் நெற்றியை மேசையில் சாய்த்துக்கொண்டான். ஜௌபர் விடவில்லை. வானிலைக்கு வந்தார். "அ... ராய்... பெர். அராய் பெர். எந்த நாட்டாளோ தெரியா."

அம்மா பணிஸை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப என்னா சொன்னீங்க மொதலாளி? திருப்பிச் சொல்லுங்க."

"அராய் பெர்."

"கொஞ்சம் வேகமாச் சொல்லுங்க."

"அரைப்பெர்... அரைப்பேர்..." என்றவர் நிறுத்தினார்.

"தம்பி," என்றாள் அம்மா, "அரைப்பேர்னுல்ல போட்டிருக்கானுங்க."

நிமலன் தலையைத் தூக்கினான். திரையில் அந்தப் பேர் நின்றுகொண்டிருந்தது. தன் கையால் அடித்த பேர். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

அம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு எத்தன அரைப்பேர் விழுந்திருக்கு தெரியுமா? ஒன்ன வயித்துல வச்சிருக்கப்ப ஒரு கெழமையில மூணு. ஆனா செக்ரோல் கொப்பியில கணக்கு எழுதுற ஐயா எம்பேர முழுசா எழுதுவாரு. பாக்கியலெட்சுமின்னு எழுதிட்டுத்தான் பக்கத்துல அரைன்னு போடுவாரு. ஒனக்கு பேரே இல்லாம அரைய மட்டும் போட்டிருக்கானுங்களே!"

"அவனுங்க போடலம்மா. நானே போட்டுக்கிட்டது."

"ஏன்டா போட்ட?"

"சும்மா. வெளையாட்டுக்கு."

"நல்ல வெளையாட்டு" என்றாள் அம்மா.

ஜௌபர் மகனுக்குப் போன் எடுத்து நிமலனிடம் கொடுத்தார். றினாஸ் எல்லாவற்றையும் கேட்டு முடித்தான்.

"மச்சான், அல்லா மேல ஆணை, லிஸ்ட நாங்க செய்யல்ல. காசு போட்ட வெளிநாட்டுக் கம்பனிட ஆக்கள்தான் செஞ்ச. இப்ப வேலை செய்றவங்கட பேர் எங்கட கம்பனி குடுத்த. விட்டுப்போன ஆக்கள்ட பேர கோடுல விழுந்த பேரப் பாத்து மெஷின் எடுத்திரிக்கி."

"பழைய கோடுல எம்பேர் இருக்குமே றினாஸ்."

"அவங்க வந்த நேரம் எல்லாத்தையும் புது இடத்துக்கு மாத்தினது நினைவில்லையா? பழைய பதிவு ஒண்டும் வரல்ல. பொறு, கேட்டுப் பாக்கிறன்."

அரை மணி நேரம் கழித்து றினாஸ் திரும்ப எடுத்தான். மாற்றலாமாம். ஆனால் சும்மா மாற்ற முடியாதாம். ஒருத்தர் பேரை எடுத்துவிட்டு இன்னொருத்தர் பேரைப் போட வேண்டுமென்றால், முதல் ஆள் சம்மதித்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"மொத ஆள்னா?"

"அரைப்பேர்."

"டேய், அது நான்தான்டா."

"எனக்குத் தெரியும் மச்சான். அவங்களுக்குத் தெரியணுமே. அவர்ட கம்பனி மெயிலிலிருந்து எழுதச் சொல்றாங்க."

"கம்பனி மெயிலத்தான் என்னைய நிப்பாட்டுன அன்னைக்கே மூடிட்டாங்களே."

"அதுதானே மச்சான்" என்றான் றினாஸ். அவன் குரலும் களைத்துப் போயிருந்தது. தான் சாட்சிக் கடிதம் தருவதாகச் சொன்னான். ஆனால் பட்டியலைத் திறப்பது இனி பங்குனியில்தானாம். "மன்னிச்சிக்க மச்சான். நான் பாத்திருக்கணும்."

"நீ என்னத்தப் பாக்க. நானே பாக்கல" என்று நிமலன் போனை வைத்தான். பேருள்ள பக்கத்தை ஒரு படம் எடுத்தான். கேட்டது அதுதானே என்று, ஒரு வார்த்தையும் எழுதாமல் கோலாலம்பூருக்கு அனுப்பினான். விளக்கிச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மாதான் ரொட்டிப் பையைப் பிரித்து, ஒரு துண்டு பிய்த்து அவன் கையில் வைத்தாள். அவன் அதை வைத்துக்கொண்டே இருந்தான்.

"அரைப்பேர் விழுந்தா அன்னைக்கே கேக்கணும் தம்பி. செக்ரோல் மூடுனா போச்சி. நாளைக்குக் கேட்டா நேத்து எங்க போனேம்பான்."

"யார்கிட்டம்மா கேக்குறது?"

"அது எனக்குத் தெரியாது. கேக்கணும்னு மட்டும் தெரியும்."

லயத்துக்கு வந்தபோது மணி ஒன்றரை. அம்மா சேலையை மாற்றி, இடுப்பில் மழைக்குப் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்துச் சாக்கை எடுத்தாள்.

"எங்கம்மா போற, இந்த மழையில?"

"கிளினிக் போன துண்டுச்சீட்டு இருக்குல்ல. மத்தியானத்துக்கு மேல எறங்குனாலும் அரைப்பேர் தருவாங்க. எதுக்கு விடணும்?"

அவள் போய்விட்டாள். நிமலன் காம்பராவுக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்தான். அதன் மேல் அம்மா ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு வைத்திருந்தாள், ஒழுகினால் நனையக்கூடாது என்று. நாளைக்கே பண்டாரவளைக்குப் போய்க் கேட்கலாம் என்று நினைத்தான். போன் கடையோ, உடுப்புக் கடையோ. பேர் கேட்க மாட்டார்கள், நேரத்துக்கு வந்தால் போதும்.

நாலரைக்கு மடுவத்துச் சங்கு ஊதியது. மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்க அவனும் அங்கேதான் போகவேண்டியிருந்தது. பெண்கள் ஈரச் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். தராசுக்குப் பக்கத்தில் சுப்பவைசர் ஜெயகுமார் கொப்பியை மழையில் நனையாமல் நெஞ்சோடு பிடித்திருந்தார். நிமலனோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"பாக்கியலெட்சுமியக்கா, எட்டு கிலோ. தண்ணிக்கு ஒண்ணு கழிச்சா ஏழு. அரைப்பேர்."

"பாத்தியா தம்பி, ஒன் மழைய கழிச்சிட்டாங்க" என்று அம்மா மகனைப் பார்த்துச் சொன்னாள். வரிசை சிரித்தது. அவள் நகரவில்லை. "ஜெயகுமாரு, எழுதுனத காட்டு."

"என்னக்கா, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கையெல்லாம் இருக்கு. காட்டு. எனக்கில்ல, எம்மகன் பாக்கணும்."

ஜெயகுமார் கொப்பியைத் திருப்பிப் பிடித்தார். நிமலன் பார்த்தான். மழைச்சொட்டு விழுந்து கொஞ்சம் மை கலைந்திருந்தாலும் பேர் தெளிவாக இருந்தது. பொ. பாக்கியலெட்சுமி. பக்கத்தில் அரை.

அப்போதுதான் அவன் கையிலிருந்த போன் அதிர்ந்தது. கோலாலம்பூரிலிருந்து மெயில். படியில் ஒதுங்கி நின்று வாசித்தான்.

"என்னாவாம்?" என்றாள் அம்மா, வெறும் சாக்கை உதறிக்கொண்டு.

"படத்தப் பாத்தாளாம். நிமலன்னு யாரும் இல்லையாம். கேம வெளையாண்டு பாத்தாளாம், அந்த மழையும் பனியும் மாதிரி இதுக்கு முந்தி எங்கயும் கண்டதில்லயாம். அது அராய் பெர் செஞ்சதுன்னு இருக்காம்." நிமலன் அடுத்த வரியை இன்னொரு தடவை வாசித்தான். "அந்த அராய் பெர்ர தெரியுமான்னு கேக்குறா. தெரிஞ்சா அவரோட பேச முடியுமாம்."

மழை வலுத்தது. பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஓடினார்கள். அம்மா ஓடவில்லை. படியில் ஏறி அவன் பக்கத்தில் வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் போனைப் பார்த்தாள்.

"இன்னும் செக்ரோல் மூடலதானே?"

"அஞ்சு மணி வரைக்கும் இருப்பா."

"அப்ப தெரியும்னு எழுது. அந்த ஆளோட மிச்ச அரை இங்கன ஸ்பிரிங்வெளி மடுவத்துல நனைஞ்சிக்கிட்டு நிக்கிதுன்னு எழுது."

நிமலன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். விரல் குளிரில் விறைத்திருந்ததால் முதல் தடவை எழுத்து பிசகியது. அழித்துவிட்டு, வேறெதையும் எழுதுவதற்கு முன்னால், தன் பேரை முழுதாக எழுதினான். பொன்னையா நிமலன்.